நெசமா ஆபீஸ்

தங்கப்பொண்ணு கேட்டது ஒரு சத்தம். அதை அமானுஷ்யம் என்று முதலில் சொன்னது அவளல்ல, அரசாங்கம்.

வாடிப்பட்டிக்கு மேற்கே கரட்டடியில் இருக்கிறது வெள்ளைக்கரடு. ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், நடுவில் ஒரு ஓடை. ஓடையில் தண்ணீர் வந்து வெகுகாலமாயிற்று. ஆனாலும் அங்கே ஒரு ஓடை இருக்கிறது என்பதை யாரும் ஒருநாளும் மறந்ததில்லை. ஆறேழு வருஷத்துக்கு முன்னால் ஒரே காண்ட்ராக்டர் ஊர்ப் பக்கம் பள்ளிக்கூடத் தெருவில் ஒன்றும் காலனியில் ஒன்றுமாக இரண்டு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிகளைக் கட்டினார். ஒரே சிமெண்டு, ஒரே கம்பி, ஒரே வெள்ளையடிப்பு, ஒரே நாளில் திறப்புவிழா. இதுதான் சமத்துவம் என்று அன்றைக்கு மேடையில் பேசினார்கள். அந்தப் பேச்சு எவ்வளவு உண்மை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

காலனித் தொட்டி பாண்டிராஜ் வீட்டுக் கொல்லையை ஒட்டி நின்றது. பாண்டிராஜ் மைக் செட் வைத்திருந்தான். காதுகுத்து, சடங்கு, கோயில் பொங்கல், கட்சிக்கூட்டம் என்று சுற்றுப்பட்டியில் எங்கே விசேஷம் என்றாலும் அவனுடைய குழாய் ஸ்பீக்கர்தான் பனைமரத்தில் ஏறும். அந்தக் குழாய்களின் அடியிலேயே காலத்தைக் கழித்ததில் அவனுக்குக் காது பாதிக்குமேல் போய்விட்டது. அவனுடைய தொழிலுக்குக் காது தங்கப்பொண்ணுதான். கூட்டத்தின் கடைசியில் போய் நின்றுகொண்டு அவள் கையை மேலே காட்டினால் கூட்டுவான், கீழே காட்டினால் குறைப்பான். தனக்குக் கேட்காததை அவள் சொல்லி நம்புவது அவனுக்கு யோசித்துச் செய்கிற காரியமில்லை. வீட்டுப்படியில் இறங்கும்போது படி இருக்கிறதா என்று யாராவது யோசிப்பார்களா?

ஒருநாள் விடிகாலையில் தொட்டிக்கு மோட்டார் போட்டு, தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது அவள் அவன் தோளைத் தொட்டாள்.

"இங்காருங்க, டேங்க் முனகுது."

"என்னது?"

"முனகுதுங்கிறேன். பிள்ளத்தாச்சி பல்லைக் கடிச்சுக்கிட்டு முனகுவாள்ல, அந்த மாதிரி. தண்ணி ஏற ஏறக் கூடுது. நெறைஞ்சதும் நின்னுபோகுது."

பாண்டிராஜ் கொல்லையில் போய் நின்று அண்ணாந்து பார்த்தான். தொட்டி வெள்ளையாக, ஒரு குற்றமும் செய்யாததுபோல நின்றது. அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. அதற்காக அவன் ஆச்சரியப்படவுமில்லை. பல நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு வாடிப்பட்டி யூனியன் ஆபீஸுக்கு மனுக் கொடுக்கப் போனான்.

மனு வாங்குகிற இடத்தில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "டேங்க்ல என்ன? விரிசலா, ஒழுகலா?"

"அது தெரியலங்க. வெள்ளையடிச்சிருக்கு. சத்தந்தான் கேக்குது. யாராச்சும் வந்து பாத்தா நல்லாருக்கும்."

"என்ன மாதிரிச் சத்தம்?"

தங்கப்பொண்ணு முன்னால் வந்து சொன்னாள். "பொம்பள முனகுற மாதிரிங்கய்யா."

அந்த ஒரு உவமைதான் அவள் செய்த தப்பு. அவர் பேனாவை மூடினார்.

"விரிசல்னா எங்க செக்‌ஷன். ஒழுகல்னா பக்கத்து செக்‌ஷன். முனகல்னா ரெண்டும் இல்ல. ஆரப்பாளையம் போங்க. நெசமா ஆபீஸ்."

அதன் முழுப்பெயர் அமானுஷ்யக் கூற்றுகள் மெய்ம்மை ஆய்வு மன்றம். முந்தின வருஷம் எங்கோ ஒரு சிலை கண்ணைத் திறந்துவிட்டதாகச் செல்போனில் பரவி, பார்க்கப் போன கூட்டத்தில் பலர் மிதிபட்ட பிறகு, இனி எது உண்மை என்பதை மக்களிடமே விட்டுவைக்கக் கூடாது என்று முடிவானது. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜின் மாடியில் மன்றம் உட்கார்ந்தது. போய்வந்த சனங்கள் தங்கள் வாய்க்கு ஏற்ற மாதிரி அதை நெசமா ஆபீஸ் என்றார்கள்.

மன்றத்துக்கு உறுப்பினர்கள் மூன்று பேர். எதையும் நம்பாத ஒருவர், எல்லாவற்றையும் நம்புகிற ஒருவர், மேலிடம் எதை நம்புகிறது என்று விசாரித்துவிட்டு அதை நம்புகிற ஒருவர். மூன்றாமவர் தலைவர். உண்மை இங்கே பெரும்பான்மையால் தீர்மானமாகும். பழங்காநத்தத்தில் ஒரு வீட்டுச் சுவரில் ஈரம் கசிந்து ஒரு மகானின் முகம்போலத் தெரிந்தபோது, முகம் உண்மை, மகான் உண்மையல்ல என்று மன்றம் தீர்ப்புச் சொல்லியது. ஈரம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மாடிவீட்டுக் கக்கூஸ் குழாய் உடைந்திருந்தது பிறகு தெரியவந்தபோது, குழாய்கள் மன்றத்தின் வரம்பில் வரவில்லை என்று விளக்கம் கொடுத்தார்கள். அதுவரைக்கும் அந்தச் சுவருக்கு விழுந்து கும்பிட்டவர்கள் வீட்டுக்குப் போய்க் குளித்தார்கள்.

பாண்டிராஜும் தங்கப்பொண்ணும் போன அன்றைக்கு மூவரும் இருந்தார்கள். தலைவர் சூரியபிரகாஷ் ஓய்வுபெற்ற அதிகாரி. ஓய்வு பெற்றது அவருக்கு மட்டும் தெரியாது. வலப்பக்கம் பேராசிரியர் நல்லகாமன், அறிவியல் உறுப்பினர். இடப்பக்கம் ஜெயபாண்டி, தலைமுறை தலைமுறையாக உடுக்கடித்துக் குறி சொல்லும் கோடாங்கி வீட்டுப் பிள்ளை, அருள் உறுப்பினர்.

"சத்தத்தைக் கேட்டது யார்?" என்றார் தலைவர்.

"எம் பொண்டாட்டிங்கய்யா."

"நீங்கள் கேட்டீர்களா?"

"எனக்குக் காது அம்புட்டாக் கேக்காதுங்க. மைக் செட் தொழில்."

நல்லகாமன் சிரித்தார். "மனுதாரருக்கே கேட்கவில்லை. கேட்டதாகச் சொல்வது இன்னொருவர். அறிவியலில் இதற்குப் பெயர் வதந்தி."

"வதந்தி இல்லங்கய்யா, எம் பொண்டாட்டி," என்றான் பாண்டிராஜ்.

நல்லகாமன் எழுந்து நின்றார். ஐந்து பேர் இருக்கிற அறையிலும் அவருக்கு நின்றுதான் பேச வரும். "நாற்பது வருஷம் இயற்பியல் கற்பித்தவன் நான். ஒன்று சொல்கிறேன், எளிமையாகச் சொல்கிறேன். தொட்டி என்பது கான்கிரீட். கான்கிரீட்டுக்கு உயிர் கிடையாது. உயிர் இல்லாதது முனகாது. ஆகவே அது முனகவில்லை. இதைப் போய் வேறு பார்க்க வேண்டுமா? போய்ப் பார்ப்பதே மூடநம்பிக்கைக்குக் கொடுக்கிற மரியாதை. நான் எந்தப் பேயையும் போய்ப் பார்த்துவிட்டு இல்லையென்று சொல்லவில்லை. பார்க்காமலே சொல்கிற துணிச்சல்தான் பகுத்தறிவு."

"பேய்னு நாங்க சொல்லலையேங்கய்யா," என்றாள் தங்கப்பொண்ணு.

"சொல்லாவிட்டாலும் உள்ளே அதுதான் இருக்கிறது."

ஜெயபாண்டி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது திறந்தார். "பொம்பள முனகல்னா அது கன்னித்தெய்வம். அதுல எனக்குச் சந்தேகமே கெடையாது. ஆனா ஒண்ணு. தெய்வம்னா அதுக்கு ஒரு முறை இருக்குல்ல? ஊர்ப் பக்கமும் ஒரு டேங்க் இருக்கு. எங்க வீடே அந்தத் தெருவுலதேன். எங்க குடும்பத்துல ஒருத்தர் காதுல விழாம, ஓடைக்கு அந்தப் பக்கம் போயி இந்தப் பொண்ணு காதுல விழுகுமா? எங்கயோ இடிக்குது."

ஒருவர் கான்கிரீட்டுக்கு உயிர் இல்லை என்பதாலும், இன்னொருவர் தெய்வத்துக்கு விவரம் இல்லாமல் போகாது என்பதாலும் அவளை நம்பவில்லை. தலைவருக்கு இது மிகவும் பிடித்திருந்தது.

"நாம் நடுநிலையானவர்கள்," என்றார். "தொட்டியில் கோளாறு என்று சொன்னால் கட்டியவர் மனம் புண்படும். திறந்துவைத்தவர் மனம் புண்படும். தெய்வம் இல்லையென்றால் பக்தர் மனம் புண்படும். உண்மை என்பது யார் மனமும் புண்படாமல் வருகிற ஒன்று. கள ஆய்வு வைத்துக்கொள்வோம். பரிசோதனை அறிவியல் முறைப்படியும் இருக்க வேண்டும், வழிவழி வந்த முறைப்படியும் இருக்க வேண்டும்." பிறகு பாண்டிராஜைப் பார்த்துக் கனிவாகக் கேட்டார். "மைக் செட் இருக்கு என்றீர்களே?"

இறங்கி வரும்போது படிக்கட்டில் தங்கப்பொண்ணு கேட்டாள். "வந்து பாக்கத்தானே சொன்னோம். எதுக்குங்க பரிச்ச?"

பாண்டிராஜுக்கு அது கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டுச் சத்தம்.

கள ஆய்வுக்கு அவர்கள் உச்சிப்பொழுதில் வந்தார்கள். தொட்டி நிறைந்து, மோட்டார் நின்று, காகம்கூட நிழல் தேடிப் போயிருந்த நேரம். பந்தல் போட்டிருந்தது. பாண்டிராஜே குழாய் கட்டியிருந்தான். ஊர்ப் பக்கத்துச் சனம் ஓடையைத் தாண்டிக் காலனிக்குள் இத்தனை பேர் வந்தது அதுதான் முதல் தடவை.

மோட்டார் போடுகிற ஆபரேட்டர் கருப்புவைக் கூப்பிட்டார்கள். கருப்பு பாண்டிராஜுக்கு மச்சான் முறை. தினமும் விடியலில் தொட்டிக் காலடியில் நின்று வால்வு திருகுகிறவன்.

"சத்தம் ஏதும் கேட்டதுண்டா?" என்றார் தலைவர்.

கருப்பு தங்கப்பொண்ணைப் பார்த்தான். பந்தலில் உட்கார்ந்திருந்த ஊர்க்காரர்களைப் பார்த்தான். "இல்லைங்கய்யா," என்று தரையிடம் சொன்னான்.

"மோட்டாரைப் போட்டுட்டுக் கேளுங்கய்யா," என்றாள் தங்கப்பொண்ணு. "தண்ணி ஏறயிலதேன் கேக்கும்."

"நிறைந்த தொட்டியில் தண்ணீர் ஏற்றினால் வீணாகும்," என்றார் நல்லகாமன். "தண்ணீர்ச் சிக்கனம் பற்றியும் நான் புத்தகம் எழுதியிருக்கிறேன்."

அதற்குப் பிறகுதான் பரிசோதனை. அந்தப் பக்கத்தில் ஒருவர் மேல் புதிதாகச் சாமி இறங்கினால் ஊர் உடனே கும்பிட்டுவிடாது. வந்திருப்பது சாமிதானா, வெறும் ஆசையா என்று சோதித்துப் பார்க்கும். எலுமிச்சம்பழத்தை எங்காவது ஒளித்துவைத்துவிட்டு, வந்தது நிசமான சாமியென்றால் எடுத்துக் கொடு என்று கேட்கும். எடுத்தால் சாமி. எடுக்காவிட்டால் தண்ணீர் தெளித்து வீட்டுக்கு அனுப்பிவிடும். ஜெயபாண்டி அந்த முறையைச் சொன்னதும் நல்லகாமன் மகிழ்ந்துபோனார். ஏழு செம்பைக் கவிழ்த்து ஒன்றுக்குள் பழத்தை வைத்தால் அது கட்டுப்படுத்தப்பட்ட சோதனை, நிகழ்தகவுகூடக் கணக்கிடலாம் என்றார். அறிவியலும் அருளும் ஒரே எலுமிச்சம்பழத்தில் வந்து சேர்ந்ததை மைக்கில் அறிவித்தார் தலைவர். கூட்டம் கைதட்டியது.

செம்புகளைக் கவிழ்த்தார்கள். தங்கப்பொண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"எடு தாயி," என்றார் ஜெயபாண்டி.

"நான் சத்தம் கேட்டுச்சுன்னுதானே சொன்னேன். எலுமிச்சம்பழம் சத்தம் போடுமா?"

கூட்டம் சிரித்தது. ஊர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் சொன்னார். "கேக்குற காதுக்கு இதும் கேக்கணும்ல? காதை வச்சுப் பாரு ஆத்தா."

"அய்யா, நான் சாமியாடி இல்ல. எம் மேல ஒண்ணும் வரல. எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு டேங்க் நிக்கிது, அதுக்கு என்னமோ பண்ணுது. அம்புட்டுத்தேன்."

"எடுக்க மறுத்தால் கூற்று பொய் என்று பதிவாகும்," என்றார் தலைவர்.

"எடுத்தா?"

"எடுத்தால் ஆராய்வோம்."

அவள் பாண்டிராஜைப் பார்த்தாள். அவன் ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் நின்று, அவள் கை மேலே காட்டுகிறதா, கீழே காட்டுகிறதா என்று பழக்கதோஷத்தில் கவனித்துக்கொண்டிருந்தான். அவள் குனிந்து கைக்கு முதலில் வந்த செம்பைத் தூக்கினாள். அடியில் மண்தான் இருந்தது.

மன்றத்தின் வரலாற்றில் முதல் முறையாகத் தீர்ப்பு ஏகமனதாக வந்தது. பெண்ணுக்கு எந்தச் சக்தியும் இல்லை. சக்தி இல்லாதவருக்கு இல்லாத சத்தம் கேட்காது. ஆகவே சத்தம் இல்லை. சத்தம் இல்லாத தொட்டி நல்ல தொட்டி. 'இங்கு அமானுஷ்யம் ஏதுமில்லை, மக்கள் அச்சமின்றித் தொட்டியைப் பயன்படுத்தலாம்' என்று முன்கூட்டியே எழுதிக் கொண்டுவந்திருந்த தகரப் பலகையைத் தொட்டியின் காலில் ஆணியடித்து மாட்டினார்கள். இரண்டாவது ஆணிக்குச் சிமெண்டு ஒரு முறம் அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே சிவப்பாக ஏதோ தெரிந்தது. பலகையைச் சற்றுக் கீழே இறக்கி மாட்டி அதை மறைத்தார்கள்.

கடைசியாகப் பாண்டிராஜிடம் ஒரு தாள் நீட்டப்பட்டது. தனக்கு அந்தச் சத்தம் கேட்டதில்லை என்று மனுதாரர் உறுதி கூறுகிறார்.

"உண்மைதானே?" என்றார் தலைவர்.

உண்மைதான். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. பாண்டிராஜ் கையெழுத்துப் போட்டான். நிமிர்ந்தபோது தங்கப்பொண்ணு அங்கே இல்லை.

அதற்குப் பிறகு அவள் தொட்டியைப் பற்றிப் பேசவில்லை. கொல்லைப்பக்க அறையிலிருந்த பாய், தலையணை, அடுப்பு, அரிசிப் பானை எல்லாவற்றையும் வாசல் பக்கத்து அறைக்கு மாற்றினாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை, அவள் சொல்லவுமில்லை. கூட்டங்களுக்கு அவனோடு போனாள். கடைசியில் நின்றாள். கையை மட்டும் காட்டவில்லை. அவன் சத்தத்தைக் கூட்டுவதா குறைப்பதா தெரியாமல் ஆம்ப்ளிபயர் குமிழைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவர்கள் வீட்டில் பேச்சில்லாத பொழுதுகள் எப்போதும் உண்டு. ஆனால் அது வேறு. இது ஒரு ஆள் எழுந்து போன பிறகு நாற்காலி கிடக்கிற மாதிரி.

ஒருநாள் டீக்கடையில் கருப்பு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவன் காதோரம் வாயை வைத்துச் சொன்னான்.

"மாப்ள, எனக்கும் கேக்குது."

"என்னது?"

"டேங்க். தங்கச்சி சொன்னது நெசந்தேன். நாந்தேன் தெனமும் கால்மாட்டுலயே நிக்கிறேனே."

"அப்பறம் ஏண்டா அன்னைக்கு இல்லேன்ன?"

"ஆமான்னா என்னையும் செம்பைத் தூக்கச் சொல்லுவாங்கெ. தூக்கலேன்னா வேலை போகும். ஒருநாள் விட்டு ஒருநாள்தேன் நெரப்புறேன், அதுவும் முக்கால்தேன். யார்ட்டயும் சொல்லிராத."

முக்கால் தொட்டித் தண்ணீர் போதவில்லை என்று யாரோ புகார் கொடுத்தார்கள். முழுதாக நிரப்பச் சொல்லி உத்தரவு வந்தது. பலகையில்தான் எழுதியிருக்கிறதே. கருப்பு நிரப்பினான். வெள்ளிக்கிழமை விடியலில் தொட்டி கால் மடங்கி, கொல்லைப் பக்கமாகச் சரிந்து விழுந்தது. பாண்டிராஜ் வீட்டில் பாதி இல்லாமல் போயிற்று. அது அவர்கள் படுக்காத பாதி. வால்வு திருகப் போயிருந்த கருப்புவை மத்தியானத்துக்குமேல்தான் எடுக்க முடிந்தது. உடைந்த கால்களில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளைச் சிறுபிள்ளைகள் கையால் ஒடித்து விளையாடினார்கள். தகரப் பலகைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

மன்றம் அவசரமாகக் கூடி, வெள்ளைக்கரட்டுக்கே வந்தது. இடிந்த தொட்டியை அவர்கள் பார்க்கவில்லை. பாண்டிராஜ் வீட்டு மிச்சத்துக்குத்தான் நேரே வந்தார்கள்.

"தொட்டி விழுந்தது இயற்கை நிகழ்வு," என்றார் நல்லகாமன். "புவியீர்ப்பு. அதில் விசாரிக்க ஒன்றுமில்லை. ஆனால் விழுவதற்கு முன்பே ஒரு பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரிந்தது? அறிவியல் இதற்கு விடை தேடியாக வேண்டும்."

"அதான் சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னேன்ல," என்றாள் தங்கப்பொண்ணு.

"சத்தம் இல்லையென்று ஏற்கெனவே நிரூபணமாகிவிட்டது. அதைத் திரும்பக் கிளறக் கூடாது. சத்தம் இல்லாமலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதுதான் விஷயம்."

ஜெயபாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். காலனிக்குள் அவர் செருப்பைக் கழற்றியதை அவருடைய பிள்ளைகளே நம்பவில்லை. "நாங்கதேன் தெரியாத்தனமாச் சோதிச்சுட்டோம் தாயி. வேணும்னே தப்பான செம்பைத் தூக்கி எங்க ஆணவத்தை அடக்கிட்ட. இப்பத்தேன் வெளங்குது."

"அய்யா, கருப்பண்ணே செத்துப்போச்சு."

"அந்தக் கன்னித்தெய்வம் கணக்குத் தீத்துருக்கா. இல்லேன்னு பொய் சொன்னவனைத்தானே எடுத்திருக்கா."

தங்கப்பொண்ணு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவைச் சாத்தியதற்கும் ஜெயபாண்டி ஒரு பொருள் சொன்னார்.

இரண்டாவது தீர்ப்பும் ஏகமனதானது. தங்கப்பொண்ணின் வாக்கு மெய். தலைவர் வந்து பொன்னாடை போர்த்தினார். முதல் தீர்ப்பைப் பற்றி ஒரு செய்தியாளர் கேட்டதற்கு, "இரண்டு தீர்ப்புகளும் சரி. அந்தந்த நேரத்துக்கு அது அது உண்மை. மன்றம் தவறியதாக இதுவரை எந்த மன்றமும் சொன்னதில்லை," என்றார்.

சனம் வரத் தொடங்கியது. காணாமல்போன ஆடு, தள்ளிப்போகிற கல்யாணம், விசா, வயிற்றுவலி. வெற்றிலையும் பழமுமாக வாசலில் உட்கார்ந்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்றால், கேட்ட மாத்திரத்தில் சொல்லாததே நிசமான வாக்குக்கு அடையாளம் என்றார்கள். அவள் எல்லோரிடமும் ஒன்றை மட்டும்தான் சொன்னாள்.

"பள்ளிக்கூடத் தெரு டேங்க்கை இடிங்க. அதுவும் அதே ஆளு கட்டுனதுதேன். நான் போயிக் காதை வச்சுக் கேட்டேன். அதுவும் முனகுது."

இந்த முறை அவளை யாரும் சந்தேகப்படவில்லை. ஊர் மொத்தமும் நம்பியது. காலனிப் பெண் வாக்கு என்று ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. மன்றமும் அந்த வாரமே கூடி முழுமனதாக ஏற்றுக்கொண்டது. தாயி அந்தத் தொட்டிக்குக் குடிமாறி வந்திருக்கிறாள், காலனியில் கோபமாகப் போனவள் ஊர்ப் பக்கம் வந்து முனகுகிறாள், கோபத்தைத் தணிக்க வேண்டும் என்று ஜெயபாண்டி விளக்கினார். தெய்வம் கடைசியில் தன் தெருவுக்கே வந்துவிட்டதில் அவருக்கு உள்ளூரத் திருப்தி. தொட்டியின் கால்களுக்கு மஞ்சள் சேலை சுற்றினார்கள். இடிக்கச் சொன்னாளே என்று யாரோ கேட்டதற்கு, குடியிருக்கிற வீட்டைத் தெய்வம் இடிக்கச் சொல்லுமா, கோபத்தில் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்று அவரே பதில் சொன்னார். பொங்கல் வைக்க நாள் குறித்தார்கள்.

பாண்டிராஜின் செட்டு இடிபாட்டுக்குள் போய்விட்டது. பழங்காநத்தத்தில் தெரிந்த ஒருவரிடம் வாடகைக்கு எடுத்துவந்து கட்டினான். வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தான். தங்கப்பொண்ணுதான், பல வாரத்துக்குப் பிறகு அவனிடம் முழுதாக ஒரு வாக்கியம் பேசினாள்.

"போயிக் கட்டுங்க. நானும் வாரேன். மைக்குல சொன்னாலாச்சும் கேப்பாகளான்னு பாப்பம்."

தொட்டிக்கு அடியிலேயே பொங்கல் பானைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். தெரு கொள்ளாத கூட்டம். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள், பெண்கள், பந்தலில் மன்றத்தார் மூவரும். நல்லகாமன் ஏதோ ஒரு கருவியைத் தொட்டியின் காலில் ஒட்டவைத்திருந்தார். குழாய்களில் சாமிப்பாட்டு அலறியது. சாயங்கால வெயிலில் ஊருக்கே காது அடைத்துப்போயிருந்தது. அன்றைக்குப் புனிதநீர் ஏற்றுவதாக ஏற்பாடு. தலைவர் பொத்தானை அழுத்த, மோட்டார் ஓடி, தொட்டிக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியது.

கூட்டத்தின் கடைசியில் நின்ற தங்கப்பொண்ணு கையைக் கீழே காட்டினாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு. பாண்டிராஜ் குறைத்தான். இன்னும் கீழே காட்டினாள். இன்னும் குறைத்தான். அவள் கையைத் தரைவரைக்கும் கொண்டுபோனாள். அவன் ஒயரைப் பிடுங்கினான்.

பாட்டு நின்றது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது. பந்தலில் இருந்தவர்களுக்கும், பானைக்கு முன்னால் இருந்தவர்களுக்கும், ஓடைக்கு இந்தப் பக்கத்தாருக்கும் அந்தப் பக்கத்தாருக்கும் கேட்டது. பிள்ளத்தாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிற மாதிரி, தண்ணீர் ஏற ஏறக் கூடிக்கொண்டு.

பாண்டிராஜுக்கு மட்டும் கேட்கவில்லை. கூட்டத்தின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான்.

"தாயி பேசுறா," என்றார் ஜெயபாண்டி.

தலைவர் எழுந்து நின்று கைகூப்பினார். நல்லகாமன் கருவியில் முள் துடிப்பதைப் பார்த்துவிட்டு, "அற்புதமான தரவு," என்று முணுமுணுத்து, இன்னும் நெருங்கிப் போய்க் குனிந்தார். கூட்டம் தொட்டியை நோக்கி ஒரு அடி வைத்தது. பிறகு இன்னொரு அடி.

தங்கப்பொண்ணு கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து மைக்கைப் பிடுங்கினாள். பாண்டிராஜ் ஒயரைச் செருகினான்.

"அது சாமி இல்ல," என்றாள். அவள் குரல் நான்கு குழாயிலும் போயிற்று. "கம்பி இத்துப்போச்சு. தண்ணியை நிப்பாட்டுங்க. பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு அந்தப் பக்கம் ஓடுங்க. கருப்பண்ணே செத்த மாதிரிச் செத்துருவீக."

"உத்தரவு தாயி," என்றது கூட்டம். முன்வரிசை தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது. அதற்குப் பின்வரிசை விழுந்தது. பிள்ளைகளின் தலையைப் பிடித்து அழுத்தி விழவைத்தார்கள். அவள் திரும்பத் திரும்ப ஓடச் சொன்னாள். ஒவ்வொரு முறையும், உத்தரவு, உத்தரவு என்று தரையிலிருந்து பதில் வந்தது. பெண்கள் குலவையிட ஆரம்பித்தார்கள்.

பாண்டிராஜ் மஞ்சள் சேலையை விலக்கி, தொட்டியின் காலில் உள்ளங்கையை வைத்தான். உள்ளேயிருந்து அது அவன் கைக்கு வந்தது. எலும்பு வழியாகத் தோளுக்கு ஏறியது. அப்படித்தான் இருந்தது. அவள் சொன்ன மாதிரியேதான்.

அவன் கையை எடுக்காமல் அவள் பக்கம் திரும்பினான்.

"எனக்கும் கேக்குது," என்றான்.

குலவைச் சத்தத்தில் அவளுக்கு அது கேட்கவில்லை.